ஒரே வண்டி, இரண்டு ஹெல்மெட்: செட்டிநாட்டில் ஜோடியாக மூன்று நாள்

"என்னங்க, கொஞ்சம் மெதுவா போங்க!"

ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து இந்தக் குரல் வராத வீடு தமிழ்நாட்டில் குறைவு. முன்னால் இருப்பவர் "சரி சரி" என்பார். வேகம் குறையாது. கடைக்கும் கல்யாணத்துக்கும் போகிற பத்து கிலோமீட்டரில் இதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அதே ஜோடி, அதே வண்டியில், மூன்று நாள், முந்நூறு கிலோமீட்டர் என்று கிளம்பினால்? அப்போது அந்தக் குரல்தான் பயணத்தின் பிரேக்.

கணவன் மனைவியாக பைக்கிலோ ஸ்கூட்டரிலோ ஊர் சுற்றுவது, இரவு டென்ட் அடித்துத் தங்குவது என்ற ஆசை இப்போது கல்யாணமான புதுசில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல. பிள்ளைகளை ஹாஸ்டலுக்கு அனுப்பிவிட்டு "நாமளும் ஒருதடவை போவோமா?" என்று கேட்கிற ஐம்பது வயதுக்காரர்களுக்கும் அது இருக்கிறது. அவர்களுக்கு லடாக் தேவையில்லை. மலை ஏறாமல், கொண்டை ஊசி வளைவு இல்லாமல், பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கிப் பார்க்க ஏதாவது இருக்கிற ஊர் போதும். அதற்குப் பொருத்தமான இடம் காரைக்குடியைச் சுற்றிய செட்டிநாடு. இந்த வாரம் அந்தப் பக்கம் போகலாம்.

காத்திருந்த வாசல்கள்

செட்டிநாட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது வீடுகளை. பர்மா தேக்குத் தூண், இத்தாலிய பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, முகப்பு, வளவு, கட்டு கட்டாகப் பின்தெரு வரை நீளும் வீடு. தொழிலுக்காகக் கடல் தாண்டிய நகரத்தார் சம்பாதித்து அனுப்பிய பணம் அது. பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போனவர்கள் பொதுவாக மூன்று வருடக் கணக்கில் போனார்கள். கணக்கு முடித்துத் திரும்பி, கொஞ்ச நாள் ஊரில் இருந்துவிட்டு மறுபடியும் கப்பல் ஏறினார்கள். மனைவி பெரும்பாலும் ஊரிலேயே இருந்தார். அந்தப் பெரிய வீட்டை நடத்தியது, பிள்ளைகளை வளர்த்தது, வரவு செலவு பார்த்தது, சீர் செய்தது எல்லாம் ஆச்சிகள்தான்.

1930-களில் கீழ் பர்மாவின் நெல் வயல்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. அவ்வளவு பெரிய தொழிலுக்கு இந்தப் பக்கம் கொடுத்த விலைகளில் ஒன்று, சேர்ந்து வாழாத வருடங்கள். கானாடுகாத்தான் தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு அந்த உயரமான கதவுகளைப் பார்க்கிற ஜோடிக்கு இது தெரிந்திருந்தால் நல்லது. ஒரே சீட்டில் முன்னும் பின்னும் உட்கார்ந்து மூன்று நாள் சுற்றுவது என்பது அந்தக் கதவுகளுக்குப் பின்னால் இருந்த பலருக்குக் கிடைக்காத ஒன்று.

பேலூர் பார்க்காத அம்மா

பழைய ஸ்கூட்டரில் இரண்டு பேர் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு நம் பக்கத்து மாநிலத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. அது தம்பதி அல்ல, அம்மாவும் மகனும். மைசூருவைச் சேர்ந்த கிருஷ்ணகுமாரின் அம்மா சூடாரத்னம்மா, கூட்டுக் குடும்பத்தின் சமையலறையிலேயே வாழ்நாளைக் கழித்தவர். எங்கெல்லாம் போயிருக்கிறாய் என்று மகன் கேட்டபோது, பக்கத்திலிருக்கும் பேலூரைக்கூடப் பார்த்ததில்லை என்று சொன்னார். மகன் வேலையை விட்டார். அப்பா வாங்கித் தந்த பஜாஜ் சேத்தக்கில் அம்மாவை உட்காரவைத்து 2018 ஜனவரியில் கிளம்பினார். இந்தியா முழுக்க, நேபாளம், பூட்டான், மியான்மர் என்று 48,000 கிலோமீட்டருக்கு மேல் போனார்கள்.

இந்தக் கதையில் வண்டியின் சிசி பெரிய விஷயமில்லை. பின்சீட்டில் இருந்தவருக்காகத்தான் அந்தப் பயணமே நடந்தது என்பதுதான் விஷயம். பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கும். வண்டி அவருடைய ஆசை, ரூட் அவருடைய பிளான், கிளம்பும் நேரம் அவருடைய முடிவு. அம்மணிக்கு "பின்னாடி உட்கார்ந்தா போதும்" என்ற வேலை மட்டும். அப்படிப் போகிற பயணம் இரண்டாம் நாள் காலையிலேயே கசந்துவிடும்.

இன்னொரு வழியும் உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த சைமன், லிசா தாமஸ் தம்பதி 2003-ல் உலகம் சுற்றக் கிளம்பியபோது ஆளுக்கொரு பைக் எடுத்துக்கொண்டார்கள். மனைவிக்கும் ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்த வீடுகள் இன்று ஏராளம். இரண்டு வண்டி கட்டாது என்றால், ஒரே வண்டியில் மாறி மாறி ஓட்டலாம். முன்சீட்டுக்காரர் ஒரு மணி நேரம் பின்னால் உட்கார்ந்து பார்த்தால், மறுபடியும் "மெதுவா போங்க" என்று யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

முதலில் எடைக் கணக்கு

வெளிநாட்டுத் தம்பதிகள் டென்ட்டோடு சுற்றும் பெரிய ஸ்கூட்டர்கள் 400 சிசி, 650 சிசி ரகம். நம் வீட்டு வாசலில் நிற்பது 110 அல்லது 125 சிசி. எஞ்சின் இழுக்கும், அதில் சந்தேகமில்லை. எடைதான் பிரச்னை.

ஒவ்வொரு வண்டிக்கும் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்று அதனுடன் தரும் கையேட்டில் போட்டிருக்கும். அது 130 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கணவர் 72, மனைவி 58. கூட்டினால் 130. டென்ட்டுக்கு இடம் எங்கே? பெரும்பாலான ஜோடிகள் பையைக் கட்டுவதற்கு முன்பே எல்லையைத் தொட்டுவிடுகிறார்கள். எனவே மூட்டையைக் குறைப்பது சௌகரியத்துக்காக அல்ல, பிரேக் பிடிப்பதற்காக. சுமை கூடக் கூட வண்டி நிற்க எடுக்கும் தூரமும் கூடும். எல்லாச் சுமையும் பின்னால் ஏறினால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும்.

இதற்குச் சில எளிய வழிகள் உண்டு.

கனமான பொருள் கீழே, நடுவில். ஸ்கூட்டர் என்றால் சீட்டுக்கு அடியில். சில மாடல்களில் அங்கே 33 லிட்டர் வரை இடம் இருக்கிறது. பின்சீட்டுக்காரரின் முதுகில் பெரிய பையை மாட்டிவிடுவது பலர் செய்யும் தவறு. பத்து கிலோமீட்டரிலேயே தோள்பட்டை வலிக்கும், வண்டி சாயும்போது ஆளையும் சேர்த்து இழுக்கும்.

டயர் காற்று முக்கியம். தனியாகப் போக ஓர் அளவு, இருவர் போக ஓர் அளவு என்று பின் டயருக்கு இரண்டு அளவு கொடுத்திருப்பார்கள். ஊருக்குள் ஓட்டும் அளவிலேயே நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது.

அடுப்பு, பாத்திரம், மடக்கு நாற்காலி எதுவும் வேண்டாம். செட்டிநாட்டுக்குப் போய் நூடுல்ஸ் கிண்டிச் சாப்பிடுவதில் என்ன இருக்கிறது? வெள்ளைப் பணியாரமும் காரச்சட்னியும் கிடைக்கிற ஊர் அது. பர்மாவிலிருந்து வந்த கவுனி அரிசி இனிப்பு அங்கே கல்யாண வீட்டுப் பலகாரம்.

பின்சீட்டுக்காரர் சொல்வதுதான் வேகம்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் ஹெல்மெட் அணியாமல் விபத்தில் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் வண்டி ஓட்டியவர்கள் அல்ல, பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். வீட்டில் இரண்டு ஹெல்மெட் இருந்தும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புகிற பழக்கத்தை இந்த எண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சட்டமும் இருவருக்கும் ஒன்றுதான். பின்னால் இருப்பவர் ஹெல்மெட் போடாவிட்டாலும் 1,000 ரூபாய் அபராதம்.

உடை அடுத்த விஷயம். சேலை கட்டி ஒருபக்கமாக உட்கார்ந்து கடைக்குப் போகலாம், 300 கிலோமீட்டர் போக முடியாது. இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தால்தான் வளைவில் உடம்பு நிலையாக இருக்கும். பின்சக்கரத்தில் துணி சிக்காமல் மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது. அழகுக்காக அதைக் கழற்றிவிட்டுச் சுற்றும் பைக்குகளில் பின்சீட்டுக்கு ஆபத்து அதிகம். துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றாமல் வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது. காரைக்குடியின் கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு வரலாம், ஊரில் வந்து கட்டலாம்.

வண்டி ஓடும்போது கத்திப் பேசுவது கவனத்தைச் சிதறடிக்கும். கிளம்பும் முன்பே ஜாடை பேசிவைத்துக்கொள்ளலாம். தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாக. இரண்டு தட்டு என்றால் ஓரமாக நிறுத்தவும். ஏன் என்று கேட்காமல் நிறுத்த வேண்டும், அதுதான் ஒப்பந்தம். 50 கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடப்பது, முதுகுவலியோடு இரவு டென்ட்டில் படுப்பதிலிருந்து காப்பாற்றும்.

பெண்கள் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு காரணம், கழிப்பறை. அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறவர்கள் உண்டு. வெயிலில் அது நேராக மயக்கத்தில் முடியும். பெட்ரோல் பங்க்குகளில் கழிப்பறையும் குடிநீரும் காற்றும் இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. எண்ணெய் போடும் இடத்தையும் அந்த இடத்தையும் ஒன்றாக வைத்துப் பாதையைப் போடுவது புத்திசாலித்தனம்.

மூன்று நாள் பாதை

முதல் நாள் திருச்சியிலிருந்து கிளம்பலாம். புதுக்கோட்டைக்கு முன்பே திரும்பினால் சித்தன்னவாசல். சமணர் குகையின் கூரையில் தாமரைக் குளம் ஓவியம். திரும்பி வந்து புதுக்கோட்டையைத் தாண்டினால் 20 கிலோமீட்டரில் திருமயம். பாறையைச் சுற்றி எழுந்த கோட்டை, அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்து கோயில்கள். கோட்டைமேல் ஏறுவது என்றால் வெயிலுக்கு முன் ஏற வேண்டும். சாயங்காலம் கானாடுகாத்தான் தெருக்களில் வண்டியை நிறுத்திவிட்டு நடக்கலாம். பெரும்பாலான வீடுகள் இன்னும் குடும்பச் சொத்து. கதவு திறந்திருக்கிறது என்பதற்காக உள்ளே போகாமல், "ஆச்சி, பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் போவது மரியாதை. செட்டிநாட்டின் ஊர்த்தொகுதி 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கிறது.

இரண்டாம் நாள் ஆத்தங்குடியும் கோயில்களும். ஆத்தங்குடிக் கல் செய்கிற பட்டறைகளில் நின்று பார்க்கலாம். கண்ணாடிமேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் சிமென்ட் கலவை போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளை கிடையாது. பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. நினைவுக்கு ஒன்று போதும், கல் கனமானது!

பிறகு நகரத்தாரின் ஒன்பது கோயில்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி. ஒன்பதையும் ஒரே நாளில் தொட்டுவிட வேண்டும் என்று ஓடினால் ஒன்றையும் பார்த்த மாதிரி இருக்காது. நான்கு போதும். குடைவரைக் கோயிலான பிள்ளையார்பட்டியும், நகரக் கோயில் வரிசையில் இல்லாத குன்றக்குடி முருகனும் பக்கத்துப் பக்கத்தில். மாலையில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. பழைய வீடுகள் இடிபடும்போது வந்து சேரும் கதவு, தூண், எனாமல் தட்டு, பீங்கான் ஜாடி எல்லாம் அந்தக் கடைகளில்.

மூன்றாம் நாள் திருப்பத்தூர் வழியாக. மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24-ல் தூக்கிலிடப்பட்ட ஊர். அங்கிருந்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் பக்கம். பறவைகள் பயந்துவிடக் கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத கொள்ளுகுடிப்பட்டி இங்கேதான். ஹாரன் அடிக்காமல் போக வேண்டிய இடம். பிறகு சிவகங்கை வழியாகக் கீழடி. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீட்டின் பாணியிலேயே கட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து மதுரை சுமார் 13 கிலோமீட்டர்.

சுற்றிவளைத்துப் பார்த்தால் மொத்தம் 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் ஸ்கூட்டருக்கு ஏழு லிட்டர் பெட்ரோல், சுமார் 700 ரூபாய். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். தைப்பூசத்துக்கு முன்னால் பழனிக்கு நடக்கிற காவடிக் கூட்டம் குன்றக்குடி, திருப்பத்தூர் சாலையில் இருக்கும். பொங்கலை ஒட்டி சிராவயல் மஞ்சுவிரட்டு. அந்த நாட்களில் வேகம் பாதியாக இருக்கட்டும், இருட்டிய பிறகு வண்டி ஓட வேண்டாம்.

டென்ட்டை எங்கே அடிப்பது?

வெளிநாட்டுப் படங்களில் வருகிற மாதிரி ஏரிக்கரை, தனிமை, நட்சத்திரம் என்று கனவு காண்கிறவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். செட்டிநாட்டில் சும்மா கிடக்கிற இடம் என்று ஒன்று கிடையாது. கண்மாய்க்கு ஊர் இருக்கிறது, காட்டுக்கு வனத்துறை இருக்கிறது, பொட்டலுக்குப் பட்டா இருக்கிறது. ஊருணி என்றால் பல ஊர்களில் குடிக்கிற தண்ணீர். அதில் கால் கழுவப் போனால் ஊரே கேள்வி கேட்கும், கேட்பதும் நியாயம்.

வெளிச்சம் இருக்கும்போதே ஊருக்குள் போய், டீக்கடையில் வண்டியை நிறுத்தி, "அண்ணே, இன்னைக்கு ராத்திரி டென்ட் போட்டுத் தங்கணும், யாரைக் கேட்கலாம்?" என்று கேட்பதுதான் சரியான வழி. ஜோடியாக வந்திருக்கிறவர்களை ஊர் சந்தேகமாகப் பார்க்காமல் இருக்கவும் அதுதான் வழி. தோப்பு, பண்ணை வீடு, தங்கும் விடுதியின் மொட்டை மாடி என்று ஏதாவது ஒன்று அமையும். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், யாருக்கும் சொல்லாமல் தங்குவது தைரியம் அல்ல. மனைவிக்கு அந்த இடம் மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால், காரணம் சொல்லத் தேவையில்லை. கிளம்பிவிட வேண்டும். லாட்ஜில் ஒரு ரூம் போட்டால் பயணம் தோற்றுப்போய்விடாது.

பாம்பு பற்றியும் பேசிவிட வேண்டும். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது, தரையில் படுத்திருப்பவர்களைக் கடிப்பது. கடித்தது பல நேரம் தெரியாது, வலியும் பெரிதாக இருக்காது. எனவே அடியில் துணி உள்ள, முழுக்க ஜிப் மூடும் டென்ட் மட்டுமே. ஷூவையும் ஹெல்மெட்டையும் உள்ளே வைத்துக்கொண்டு, காலையில் உதறிவிட்டுப் போட வேண்டும். விடியற்காலையில் காரணமில்லாமல் வயிற்றுவலி, இமை கனத்துக் கண் திறக்க முடியாமை, பேச்சுக் குழறல் இருந்தால், கடிவாய் தெரியாவிட்டாலும் உடனே 108. கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் கிடைக்கும், சிவகங்கையில் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

சண்டை வரும், வரட்டும்

வழி தவறினால் சண்டை. மழை வந்தால் சண்டை. "அப்பவே சொன்னேன்ல" என்று ஆரம்பித்தால் பெரிய சண்டை. வீட்டில் என்றால் ஒருவர் ஹாலுக்கும் ஒருவர் அடுப்படிக்கும் போய்விடலாம். வண்டியில் இடைவெளி ஒரு சாண்கூட இல்லை. கோபத்தோடு ஆக்ஸிலேட்டரை முறுக்குவதுதான் இதில் இருக்கும் நிஜமான ஆபத்து. கோபம் வந்தால் வண்டி நிற்க வேண்டும், டீ குடித்த பிறகுதான் மறுபடி சாவி போட வேண்டும் என்று கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ளலாம்.

பணத்தையும் அப்படியே. மூன்று நாள் செலவை ஒரே பர்ஸில் போட்டு, ஒருவர் வண்டி ஓட்டினால் மற்றவர் பர்ஸை வைத்துக்கொள்ளட்டும். எங்கே நிறுத்துவது, எங்கே சாப்பிடுவது என்பதில் பாதி முடிவு பின்சீட்டுக்கு வந்துவிடும்.

நகரத்தார் வழக்கில் ஒரு பழைய கணக்கு உண்டு. கோயிலுக்கு வரி எழுதும்போது ஆளை எண்ணுவதில்லை, தம்பதியை எண்ணுவார்கள். கல்யாணமான ஒரு ஜோடி என்றால் ஒரு 'புள்ளி'. கணவர் ரங்கூனில் இருந்தாலும் மனைவி காரைக்குடியில் இருந்தாலும் ஏட்டில் இருவரும் சேர்ந்து ஒரு புள்ளிதான்.

ஏட்டில் மட்டும் சேர்ந்திருந்த அந்தக் காலம் போய்விட்டது. இன்று சாலையிலும் ஒரு புள்ளியாகப் போக முடிகிறது. அதற்கு வேண்டியது புது வண்டி அல்ல. வீட்டில் இருக்கிற ஸ்கூட்டருக்கு ஒரு சர்வீஸ், பின் டயருக்குச் சரியான காற்று, அலமாரி மேல் தூசி படிந்திருக்கும் அந்த இரண்டாவது ஹெல்மெட். அப்புறம், "மெதுவா போங்க" என்றால் உண்மையிலேயே மெதுவாகப் போகிற ஒரு மனசு.